கொலையா, தற்கொலையா: ஒரு தவறான கேள்வி

"அவன் தற்கொல பண்ணிக்கல. பண்ணிக்கிற ஆளும் இல்ல."

இந்த வாக்கியத்தை நான் மூன்று பேரைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். முதல் முறை 2009-இல். எனக்குப் பன்னிரண்டு வயது. ரந்தாவ் பக்கம், எங்கள் தோட்டத்து முச்சந்தி ஒட்டுக்கடையில் பெரியவர்கள் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு தியோ பெங் ஹோக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது முறை 2012-இல், அதே கடையில், எங்கள் லயத்திலிருந்து ஆறு வீடு தள்ளி இருந்த ஓர் அண்ணனைப் பற்றி. மூன்றாவது முறை பல்கலைக்கழக விடுதியில். ஆரோன் ஸ்வார்ட்ஸ் பற்றிய ஆவணப்படத்தை மடிக்கணினியில் பார்த்து முடித்தபோது மணி இரண்டு. அறை நண்பன் சொன்னான். நான் மறுக்கவில்லை. விடியும்வரை கூடச் சேர்ந்து துப்பறிந்தேன்.

2025 மே மாதம், தியோ பெங் ஹோக் மரணத்தில் மேற்கொண்டு நடவடிக்கை இல்லை என்று சட்டத்துறைத் தலைவர் அலுவலகம் கோப்பை மூடியது. ஏறக்குறைய பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு. அன்று ஷிஃப்ட் முடிந்து செனாவாங்கிலிருந்து வீட்டுக்கு வந்து தொலைபேசியைத் திறந்தால், நான் இருக்கும் வாசகர் குழுவில் நூற்றுக்கும் மேலான செய்திகள். "அப்போ கொலதான்னு கன்ஃபர்ம்." "இல்ல ப்ரோ, கமிஷன் ரிப்போர்ட்ல தற்கொலன்னுதானே இருக்கு." "அந்த லெட்டர் டூப்ளிகேட்." இரவு பதினொரு மணிவரை இதுவே ஓடியது. எல்லாரும் படித்தவர்கள், இரண்டு பேர் சிறுகதைத் தொகுப்பே போட்டவர்கள். பதினாறு ஆண்டாக யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லையே, ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் குழுவில் நான் எழுதாமல் விட்ட பதில். யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

*

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் சந்தேகத்துக்கு எதிரானவன் அல்ல. தோட்டத்து ஆட்கள் எதையெடுத்தாலும் 'அடிச்சுக் கொன்னுட்டானுங்க' என்பார்கள், படிப்பறிவு இல்லாததால் வரும் பேச்சு அது என்று கோலாலம்பூர் நண்பர்கள் சிலர் நினைக்கிறார்கள். அவர்களுக்குக் குகனை நினைவூட்ட வேண்டும்.

2009 ஜனவரி 20. சுபாங் ஜெயா தைப்பான் காவல் நிலையத்தில் விசாரணையில் இருந்த 22 வயது குகன் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததால் மரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பத்தினர் நம்பவில்லை. பிணவறைக்குள் போய் உடலைப் பார்த்தார்கள். முதுகெல்லாம் காயம். அதைப் படம்பிடித்தார்கள். இரண்டாவது பரிசோதனை கேட்டார்கள். அடிபட்டுத் தசை சிதைந்து, அதனால் சிறுநீரகம் செயலிழந்துபோனதை அந்தப் பரிசோதனை சொன்னது. குற்றவியல் வழக்கில் ஒரு கான்ஸ்டபிள் மட்டும்தான் தண்டிக்கப்பட்டார். ஆனால் குடும்பம் சிவில் வழக்கிலும் விடவில்லை. 2013-இல் உயர் நீதிமன்றம் 801,700 வெள்ளி இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பளித்தது.

ஆக, சந்தேகப்பட்டவர்கள்தான் சரி. அதிகாரபூர்வத் தாளை நம்பியவர்கள் ஏமாந்தார்கள். ஆனால் அந்தச் சந்தேகம் என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். அது ஒட்டுக்கடையில் உட்கார்ந்துகொண்டு கதை வளர்க்கவில்லை. பிணவறைக் கதவைத் திறக்க வைத்தது, இரண்டாவது மருத்துவரைக் கேட்டது, வழக்கு போட்டது. சந்தேகம் ஒரு கோரிக்கையாக மாறியது.

நான் சண்டை போடுவது இன்னொரு வகைச் சந்தேகத்தோடு. மர்மக்கதை வாசகனின் சந்தேகம் அது. ஒருவன் செத்துப்போனால் அதற்குக் 'கொலையா தற்கொலையா' என்று இரண்டே பெட்டிகளை வைத்துக்கொண்டு, எந்தப் பெட்டியில் போடுவது என்பதிலேயே வாழ்நாளைக் கழிக்கிற சந்தேகம்.

*

தியோவின் கதையை இளைய வாசகர்கள் பலர் முழுதாக அறிந்திருக்க மாட்டார்கள். அவர் சிலாங்கூர் ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவரின் அரசியல் செயலாளர். வயது 30. 2009 ஜூலை 15, ஷா ஆலாம் பிளாசா மசாலாம் கட்டடத்தின் 14ஆவது மாடியில் இருந்த ஊழல் தடுப்பு ஆணைய அலுவலகத்துக்கு விசாரிக்க அழைத்துப் போனார்கள். குற்றம் சாட்டப்பட்டவராகக்கூட அல்ல, சாட்சியாக. இரவு முழுக்க அங்கே இருந்தார். மறுநாள் 5ஆவது மாடியில் பிணமாகக் கிடந்தார். அதற்கும் மறுநாள் அவருக்குத் திருமணப் பதிவு. மணமகள் கர்ப்பிணி.

அடுத்து வந்தவை மூன்று முடிவுகள். 2011 ஜனவரியில் மரண விசாரணை நீதிமன்றம் கொலையென்றும் சொல்லவில்லை, தற்கொலையென்றும் சொல்லவில்லை. முடிவைத் திறந்தே வைத்தது. அதே ஆண்டு ஜூலையில் அரச விசாரணை ஆணையம், தற்கொலைதான் என்றது. ஆனால் அதிகாரிகளின் மூர்க்கமான, இடைவிடாத விசாரணைதான் அவரை அதற்குத் தள்ளியது என்று சொல்லி, அந்த அதிகாரிகளைப் பெயர் குறிப்பிட்டும் எழுதியது. 2014 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மரண விசாரணை நீதிமன்றத்தின் முடிவைத் தூக்கியெறிந்தது. ஊழல் தடுப்பு ஆணைய அதிகாரிகள் உட்பட, அடையாளம் தெரியாத நபர்களின் சட்டவிரோதச் செயல் அந்த மரணத்துக்குக் காரணமாகவோ அதைத் துரிதப்படுத்துவதாகவோ இருந்தது என்றது.

எங்கள் குழுவில் அன்றிரவு அடித்துக்கொண்டவர்கள் இந்த இரண்டாவதையும் மூன்றாவதையும் எதிரெதிராக நிறுத்தினார்கள். ஆணையம் தற்கொலை என்கிறது, நீதிமன்றம் இல்லை என்கிறது, எது உண்மை? தியோவின் குடும்பம் தற்கொலை என்பதை ஒருநாளும் ஏற்றதில்லை. நீதிமன்றமும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது. என்னைக் கேட்டால் நானும் குடும்பத்தின் பக்கம்தான்.

ஆனால் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மாடியைத்தான் காட்டுகின்றன. ஒரே இரவை, ஒரே அலுவலகத்தைக் காட்டுகின்றன. தற்கொலை என்று சொன்ன அறிக்கையே அதிகாரிகளைக் குற்றம்சாட்டியது. தற்கொலை என்பதை ஏற்காத தீர்ப்பும் அதிகாரிகளைத்தான் சுட்டியது. அப்படியிருந்தும் இந்தப் பதினாறு ஆண்டில் அந்த மரணத்துக்காக ஒருவர்மீதும் குற்றச்சாட்டு இல்லை.

அப்படியானால் நீதி கிடைக்காததற்குக் காரணம் விடுகதைக்கு விடை தெரியாதது அல்ல. இரண்டு விடையும் கையில் இருந்தது. எந்த விடையை எடுத்திருந்தாலும் யாரையாவது கூண்டில் ஏற்றியிருக்கலாம். ஏற்றவில்லை. 'என்ன நடந்தது என்பது மர்மமாகவே உள்ளது' என்று நாம் எழுதும் ஒவ்வொரு வரியும் அந்த ஏற்றாமைக்கு நாம் கட்டிக்கொடுக்கும் சாக்கு. மர்மம் என்று சொல்லிவிட்டால் யாரும் பொறுப்பேற்க வேண்டியதில்லை அல்லவா?

*

இனி ஆரோன் ஸ்வார்ட்ஸ். என்னைப் போன்ற பொறியியல் மாணவர்களுக்கு அவர் ஒரு குலசாமி மாதிரி. பதினான்கு வயதில் ஆர்.எஸ்.எஸ். என்ற இணையத் தொழில்நுட்பத்தின் ஒரு பதிப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். கிரியேட்டிவ் காமன்ஸ் உருவானபோதும் உடன் இருந்தார், ரெட்டிட்டிலும் இருந்தார். இணையத்தைக் கட்டுப்படுத்த வந்த சோபா சட்ட வரைவைத் தடுத்து நிறுத்தியதில் பெரும் பங்கு அவருக்கு உண்டு. அறிவு பணம் கட்டியவனுக்கு மட்டும் சொந்தமாக இருக்கக் கூடாது என்று நம்பினார். 2010 கடைசியில் எம்.ஐ.டி. வளாகத்தின் வலைப்பின்னல் வழியே ஜேஸ்டோர் தளத்திலிருந்து ஆய்வுக் கட்டுரைகளை லட்சக்கணக்கில் இறக்கிக்கொண்டார். 2011 ஜனவரியில் கைதானார்.

ஜேஸ்டோர் அவரோடு சமரசம் செய்துகொண்டு விலகிவிட்டது. வழக்கில் தனக்கு ஆர்வமில்லை என்றது. எம்.ஐ.டி. நடுநிலை என்று சொல்லிக்கொண்டு சும்மா இருந்தது. அமெரிக்க மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகம் விடவில்லை. 2011 ஜூலையில் நான்கு குற்றச்சாட்டுகள். 35 ஆண்டுவரை சிறை, பத்து லட்சம் டாலர்வரை அபராதம் என்று பத்திரிகைக் குறிப்பு வெளியிட்டார்கள். 2012 செப்டம்பரில் குற்றச்சாட்டுகள் பதின்மூன்றாயின. பதின்மூன்றையும் ஒப்புக்கொண்டால் ஆறு மாதம் போலச் சிறை. ஒப்புக்கொள்ளாவிட்டால் வழக்கு நடக்கும், தோற்றால் என்ன ஆகும் என்பதை நீயே கணக்குப் போட்டுக்கொள். இதுதான் பேரம். அவர் குற்றவாளி என்ற பட்டத்தை ஏற்க மறுத்தார். 2013 ஜனவரி 11, புரூக்ளினில் தன் வீட்டில் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 26. சில நாட்களில் அரசுத் தரப்பு வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லி மனு போட்டது. அதிகபட்சத் தண்டனையைக் கேட்கும் எண்ணமே எங்களுக்கு இருந்ததில்லை என்று அந்த அலுவலகத் தலைவர் கார்மென் ஓர்டிஸ் பிறகு சொன்னார்.

எண்ணமே இல்லாவிட்டால் 35 என்ற எண்ணை எதற்குப் பத்திரிகைக்குக் கொடுத்தீர்கள்?

இந்தக் கேள்வியைத்தான் நானும் என் அறை நண்பனும் அன்றிரவு கேட்டிருக்க வேண்டும். நாங்கள் கேட்டது வேறு. கடிதம் எதுவும் இல்லையாமே? சி.ஐ.ஏ. வேலையா இருக்குமோ? இவ்ளோ பெரிய மூளைக்காரன் எப்படிடா இப்படிப் பண்ணுவான்? விடிய விடிய யூடியூப். அவர் தந்தை இறுதிச் சடங்கில் வெளிப்படையாகவே சொன்னார், தன் மகனைக் கொன்றது அரசாங்கம் என்று. அவர் ரகசிய ஏஜென்டுகளைச் சொல்லவில்லை. வழக்கைச் சொன்னார். எல்லாருக்கும் தெரிந்த, கோப்பு எண் உள்ள, கையெழுத்துப் போட்டவர்களின் பெயரும் பதவியும் உள்ள ஒரு வழக்கை. நாங்கள் அதைப் போரடிக்கிறது என்று தாண்டிப்போய், கறுப்புக் கண்ணாடி போட்ட ஆட்களைத் தேடினோம். கறுப்புக் கண்ணாடி ஆட்கள் கற்பனையில் இருக்கிறவரை அரசு வழக்கறிஞர் பத்திரமாக இருப்பார்.

ஆரோனுக்கு மனச்சோர்வு இருந்ததே, அதைப் பற்றி அவரே வலைப்பதிவில் எழுதியிருக்கிறாரே என்பார்கள். உண்மைதான். ஒரு தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் சொல்வது தவறு என்பதும் உண்மை. ஆனால் அவரோடு கடைசிவரை வாழ்ந்த துணைவி, அவர் இறந்தது மனச்சோர்வால் அல்ல, வழக்கால்தான் என்று எழுதினார். நோய் இருந்தவனை நோயாளியாக நடத்தாமல் இரண்டு ஆண்டு வழக்கில் கட்டிவைத்தவருக்கு, நோயைக் காட்டித் தப்பிக்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

*

இப்போது அந்த அண்ணன்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை, அவர் அம்மாவிடம் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். லோரி ஓட்டினார். தோட்டம் வீடமைப்பு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, லயத்தைக் காலிசெய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தபோது, அதை எங்களுக்கு வாசித்து விளக்கியவர் அவர். நெகிரி செம்பிலானில் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் இரண்டு மாடி வீட்டு வரிசைகள் வந்தன. அந்த வீடுகளுக்குள் போனவர்களில் தோட்டத்தில் பெரட்டுக்கு நின்றவர்களின் பிள்ளைகள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணலாம். அண்ணன் எல்லாக் குடும்பத்துக்கும் மலாயில் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஒப்பந்தப்படி மாற்று வீடு கேட்டார். ஒருநாள் இயந்திரத்தோடு ஆட்கள் வந்தபோது முன்னால் போய் நின்றார். தண்டனைச் சட்டம் 186ஆவது பிரிவு, அரசு ஊழியரைக் கடமை செய்ய விடாமல் தடுத்தது என்று அவர்மீது வழக்கு. இரண்டு ஆண்டுவரை சிறை போகலாம்.

ஓர் ஆண்டுக்கும் மேல் இழுத்தது. பிறகு ஒரு காலையில் அவர் இறந்து கிடந்தார்.

போலீஸ் தரப்பில் கடன் தொல்லை, காதல் தோல்வி என்றார்கள். ஒட்டுக்கடையில், முந்தின நாள் இரவு கறுப்பு வேன் ஒன்று வந்து நின்றது என்றார்கள். அந்த வேனை நேரில் பார்த்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. ஆனால் நான் ஐந்தாண்டுகள் அதை நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர்கள் நடத்திய சிறுகதைப் போட்டிக்கு அதைக் கதையாக எழுதினேன். வேன், டார்ச் வெளிச்சம், மழை, செம்பனை மட்டைகளுக்கு நடுவே ஓடும் இளைஞன். இரண்டாம் பரிசு. நடுவர் 'ஆவேசமான எழுத்து' என்று பாராட்டினார்.

அந்த மலரை எடுத்துக்கொண்டு அண்ணனின் அம்மாவைப் பார்க்கப் போனேன். அப்போது அவர் செரம்பானில் மலிவு விலை அடுக்குமாடி ஒன்றில் மகளோடு இருந்தார். ஆறாம் வகுப்புவரை தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். எழுத்துக் கூட்டி முழுதும் வாசித்தார். மலரை மூடி மேசைமேல் வைத்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா அந்தச் சட்ட எங்க தம்பி?"

"எந்தச் சட்ட, அத்த?"

"வெள்ளச் சட்ட. அவன்கிட்ட இருந்தது ஒன்னே ஒன்னு. கோர்ட்டுக்குப் போறப்பல்லாம் நான்தான் தேச்சுக் குடுப்பேன். பதினோரு தடவ தேச்சேன்யா. பதினோரு தடவையும் போயிட்டு, தேதி மாத்திட்டாங்கம்மான்னு வந்து நிப்பான். நாலாவது தடவையிலயே லோரி வேல போச்சு, அடிக்கடி லீவு எடுக்குறான்னு. கடைசி தடவ தேச்சப்ப காலர் நஞ்சிருச்சு. புதுசு எடுக்கலாண்டான்னேன். வேண்டாம்மா, இன்னும் எத்தன தேதின்னு தெரியலன்னான்."

நான் என்ன பேசுவதென்று தெரியாமல், அப்படியானால் வேன் வரவில்லையா என்று கேட்டேன். இன்றும் அந்தக் கேள்விக்காக வெட்கப்படுகிறேன்.

"வேனெல்லாம் எனக்குத் தெரியாது. என் மகன கொன்னாங்களான்னு கேட்டா ஆமான்னுதான் சொல்வேன். ஆனா நீ எழுதுன மாதிரி ஒரே ராத்திரியில இல்ல."

*

நான் இயந்திரப் பொறியாளன். தொழிற்சாலையில் ஒரு அச்சுத்தண்டு உடைந்தால், காரணம் என்ற கட்டத்தில் 'உடைந்தது' என்று எழுதினால் மேலாளர் தாளைத் திருப்பி எறிவார். 'யாரோ உடைத்தார்கள்' என்று எழுதினாலும் எறிவார். உலோகத்தில் சோர்வு முறிவு என்று ஒன்று உண்டு. ஒரே அடியில் உடைக்க முடியாத எஃகு, அதைவிடக் குறைந்த சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் ஒருநாள் முறிந்துவிடும். முறிந்த பரப்பைப் பார்த்தால் கடற்கரை மணலில் அலை விட்டுப்போன தடம் மாதிரி வரிவரியாகத் தெரியும். விரிசல் நின்று நின்று வளர்ந்த தடம் அது. மனிதன் எஃகு அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் அண்ணனின் வழக்குக் கோப்பை எடுத்தால் அதில் பதினோரு தேதிகள் இருக்கும். அந்த வரிகளை வாசிக்க எனக்குத் தொழிலில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கதை எழுதும்போது மட்டும் வேன் தேடினேன்.

விந்தை என்னவென்றால், நம் நாட்டுச் சட்டத்துக்கே இது தெரியும். குற்றவியல் நடைமுறைச் சட்டத் தொகுப்பின் 328ஆவது பிரிவு 'மரணத்தின் காரணம்' என்பதை விளக்குகிறது. உடலைப் பார்த்துச் சொல்லும் காரணத்தோடு அது நிற்பதில்லை. வேறொருவரின் சட்டவிரோதச் செயலோ, செய்யத் தவறிய கடமையோ அந்த மரணத்தை எந்த வகையிலாவது விளைவித்ததா, அல்லது துரிதப்படுத்தியதா என்றும் பார்க்கச் சொல்கிறது. தியோ வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பேசியது இந்த மொழியில்தான். வறண்ட சட்டமொழி நம் ஒட்டுக்கடையைவிடவும், நம் வாசகர் குழுவைவிடவும், என் பரிசுக் கதையைவிடவும் நுட்பமாகக் கேட்கிறது.

ஆனால் அதிலும் ஒரு ஓட்டை உண்டு. 'சட்டவிரோத' என்ற சொல். ஆரோனுக்கு நடந்தது எல்லாம் சட்டப்படிதான். அண்ணனுக்குத் தேதி மாற்றியதும் சட்டப்படிதான். லோரி முதலாளி வேலையை விட்டு நிறுத்தியதும் ஏறக்குறைய சட்டப்படிதான். சட்டப்படியே ஒரு மனிதனை அவனுடைய கடைசிச் சட்டைவரை தேய்க்க முடியும் என்றால், அதைச் சொல்ல எந்தப் பிரிவும் இல்லை. அதைச் சொல்ல வேண்டியது எழுதுகிறவன் வேலை. நாமோ அந்த வேலையைப் போட்டுவிட்டுத் துப்பறிகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'அவன் கோழையில்ல, அதனால தற்கொல பண்ணிக்க மாட்டான்' என்கிறோமே, அது செத்தவனுக்குச் செய்யும் மரியாதை என்று நினைக்கிறோம். தற்கொலை செய்துகொண்டவன் கோழை என்று அதே வாயால் தீர்ப்பும் சொல்கிறோம். இந்த நாட்டில் தற்கொலை முயற்சியே குற்றம் என்ற 309ஆவது பிரிவை நாடாளுமன்றம் 2023-இல்தான் நீக்கியது. நம் பேச்சிலிருந்து அது இன்னும் நீங்கவில்லை. அடுத்த வழக்கில் சிக்கி, தூக்கம் இல்லாமல் கிடக்கும் ஒருவன் இதைக் கேட்டுக்கொண்டிருப்பான். தன்னால் தாங்க முடியவில்லை என்று நம்மிடம் அவன் எப்படிச் சொல்வான்? நாம்தான் அவனை வீரன் என்று அறிவித்துவிட்டோமே.

*

எதிர்க்கேள்வி வரும், தெரியும். 'நிஜமாவே கொலையா இருந்தா? நீ சொல்றத கேட்டா கொலகாரன் தப்பிச்சிருவானே?'

தப்ப மாட்டான். காவலில் ஒருவர் இறந்தால் மரண விசாரணை கேளுங்கள். இரண்டாவது பிரேதப் பரிசோதனை கேளுங்கள். நிலைய நாட்குறிப்பு எங்கே, கேமராப் பதிவு எங்கே என்று கேளுங்கள். காவல்துறையை விசாரிக்கச் சுதந்திர ஆணையம் வேண்டும் என்று 2005-இலேயே ஓர் அரச ஆணையம் பரிந்துரைத்ததே, 2023-இல் அதைவிடப் பலவீனமான ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியது ஏன் என்று கேளுங்கள். குகனின் குடும்பம் கேட்டதுபோலக் கேளுங்கள். இவையெல்லாம் கொலையாக இருந்தாலும் தேவை, தற்கொலையாக இருந்தாலும் தேவை. பெட்டியை முதலில் முடிவுசெய்துவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. சொல்லப்போனால், 'கொலை' என்று முதலிலேயே கத்திவிட்டு அதை நிரூபிக்க முடியாமல் போகும்போதுதான் அதிகாரி சிரித்துக்கொண்டே வெளியே போகிறான். 'பாத்தீங்களா, நாங்க ஒன்னும் பண்ணல.'

நமக்கு வேனும் டார்ச்சும் ஏன் பிடிக்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். வேனில் வருகிறவர்கள் நம் ஆட்கள் இல்லை. அந்தக் கதையில் நமக்குப் பங்கில்லை. பதினோரு தேதிக் கதையில் நமக்குப் பங்கு உண்டு. அந்தப் பதினோரு நாளில் எங்கள் தோட்டத்திலிருந்து ஒருவர்கூட அவரோடு நீதிமன்றத்துக்குப் போகவில்லை. ஒருநாள் சம்பளம் போகும், நம்ம பேரையும் எழுதிக்குவான் என்றார்கள். என் அப்பாவும் சொன்னார். அந்தக் கடிதங்களில் எங்கள் வீட்டுக்கான கடிதமும் ஒன்று. அவர் இறந்த பிறகு அதே ஆட்கள்தான் ஒட்டுக்கடையில் வேன் பார்த்தார்கள். யாரையும் குறைசொல்லவில்லை, பயம் பொய்யில்லை. ஆனால் அந்த வேன் எங்கள் பயத்தை மறைக்க நாங்களே ஓட்டிவந்த வேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

என் நண்பர் ஒருவர்மீது, இணையத்தில் எழுதிய பதிவுக்காக, தொடர்பு பல்லூடகச் சட்டம் 233ஆவது பிரிவில் வழக்கு இருக்கிறது. வீரமாகத்தான் பேசுகிறார். குழுவில் எல்லாரும் முஷ்டி உயர்த்திய பொம்மை போட்டோம். போன வாரம் இரவு ஒன்றரை மணிக்கு எனக்கு ஒரு செய்தி அனுப்பினார்: "மச்சான், மறுபடியும் செபுத்தானாம். மூனாவது தடவ."

வழக்கைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. தேதியை மட்டும் கேட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு லீவு போட்டிருக்கிறேன். செரம்பானிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். காரில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம்.